சபையின் நோக்க அறிக்கையைச் சபையே சேர்ந்து எழுத முடியுமா?

ஒரு வாசகரின் கேள்வி, 18 ஜனவரி 2024

திருமண்டலத்திலிருந்து (பேராயரின் கீழுள்ள சபைகளின் நிர்வாகம்) சுற்றறிக்கை வந்திருக்கிறது. ஒவ்வொரு சபையும் தன் நோக்க அறிக்கையை (மிஷன் ஸ்டேட்மென்ட்) எழுதி ஈஸ்டருக்குள் அனுப்ப வேண்டுமாம். கமிட்டியில் நாலு பேர் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்கிறார்கள். சபை முழுவதும் சேர்ந்து எழுத வேண்டும் என்கிறேன் நான். யாராவது அப்படி எழுதியது உண்டா? பிரயோஜனம் இருந்ததா, சண்டைதான் மிச்சமா?

18 ஜனவரி, இரவு

எழுதினோம். சண்டையும் வந்தது, பிரயோஜனமும் இருந்தது. தேரிக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை, சுமார் 140 குடும்பம். 2016 லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) ஆரம்பித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தின் முதல் ஞாயிறில்தான் வாசித்தோம். ஒன்பது மாதம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நோட்டை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதனால் எல்லாக் கூட்டத்திலும் நான் இருந்தேன்.

அதற்கு முன்னால் ஒரு அறிக்கை இருந்தது. உங்கள் கமிட்டி சொல்வதைப் போலவே நாலு பேர், ஒரு மணி நேரம். அந்த நாலு பேரில் நானும் ஒருத்தி. வேறொரு நகரத்துச் சபையின் இங்கிலீஷ் வாசகத்தை எடுத்துத் தமிழில் மாற்றினோம். "விசுவாசத்தில் வேரூன்றி, அன்பில் வளர்ந்து, சேவையில் சிறந்து விளங்கும் சமுதாயமாகத் திகழ்வதே எமது நோக்கம்." அறிவிப்பு நேரத்தில் வாசித்தோம். ஒருவர்கூட எதிர்த்துப் பேசவில்லை. ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "டீச்சர், இப்ப வாசிச்சது எந்தக் கோயிலுக்கு?"

கேலியாகக் கேட்கவில்லை அவர். உண்மையிலேயே வேறு ஏதோ சபையின் செய்தி என்று நினைத்திருக்கிறார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்த வாரமே ஐயரிடம் போய், இதைக் கிழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்போம் என்று சொன்னேன். (எங்கள் பக்கம் குருவானவரை ஐயர் என்போம், தேவாலயத்தைக் கோயில் என்போம்.)

19 ஜனவரி

எப்படி ஆரம்பித்தோம் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாரையும் ஒரே இடத்தில் கூட்டவே கூடாது. கூட்டினால் எப்போதும் பேசுகிற ஏழு பேர்தான் பேசுவார்கள். ஏற்கெனவே கூடுகிற இடங்களுக்கு நாங்கள் நோட்டை எடுத்துக்கொண்டு போனோம்: தெருத்தெருவாக நடக்கிற வீட்டு ஜெபக்கூட்டம், சனிக்கிழமை பெண்கள் ஐக்கிய சங்கம், வாலிபர் கூட்டம், ஞாயிறு பள்ளியின் பெரிய வகுப்பு.

"சபையின் நோக்கம் என்ன" என்று யாரிடமும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் பிரசங்கத்தில் கேட்டதைத் திருப்பிச் சொல்வார்கள். நாங்கள் கேட்டது இரண்டுதான். போன வருஷம் கோயிலிலிருந்து உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், எதற்கு வந்தார்கள்? கோயில் காசு எதற்குச் செலவாகிறது என்று நினைக்கிறீர்கள்?

முதல் கேள்விக்கு வந்த பதில்கள் எங்களைத் தலைகுனிய வைத்தன. சங்க காணிக்கை (சபைச் சந்தா) பாக்கி கேட்க வந்தார்கள். திருமண்டலப் பெருமன்றத் தேர்தலுக்கு ஓட்டு கேட்க வந்தார்கள். சாவுக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் விசாரிக்கிறார்கள் என்று ஞானஸ்நான சர்ட்டிபிகேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மட்டும், பக்கவாதத்தில் விழுந்த கணவரைப் பார்க்க ஐயரம்மா (ஐயரின் மனைவி) வாராவாரம் வந்து தலைவாரி விட்டார் என்றார்கள். இத்தனை பதிலிலும் "ஊழியம்" என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான். அது கமிட்டியின் எந்தக் கணக்கிலும் இல்லை.

இரண்டாம் கேள்விக்கு எல்லாரும் தர்மம், ஏழைப் பிள்ளைகள் படிப்பு என்றெல்லாம் சொன்னார்கள். அப்புறம் பொருளாளர் கணக்கை வாசித்தார். பெரும்பகுதி திருமண்டலப் பங்கும், சம்பளமும், கட்டடமும். கூட்டம் அமைதியாகிவிட்டது. அந்த அமைதியில்தான் வேலை ஆரம்பித்தது.

23 ஜனவரி

"மிஷன் என்பதைத் தமிழில் எப்படிப் போட்டீர்கள்" என்று கேட்டவருக்கு.

இது சின்ன விஷயமில்லை, மூன்று கூட்டம் போயிற்று. எங்கள் பக்கம் மிஷன் என்றால் கண்ணால் பார்க்கிற பொருள். மிஷன் பள்ளிக்கூடம், மிஷன் ஆஸ்பத்திரி, மிஷன் காம்பவுண்டு. "அது வெள்ளைக்காரன் வச்சிட்டுப் போனதுல்லா, அதுக்கு நாம என்னத்த எழுதணும்" என்று கேட்டார்கள். அப்போது வந்த சுற்றறிக்கையில் விஷன் என்பதற்குத் "தரிசனம்" என்றும் ஒரு சொல் இருந்தது. "யாருக்குத் தரிசனம் கிடைச்சுது, என்னைக்குக் கிடைச்சுது" என்று ஒரு பாட்டி பயபக்தியோடு விசாரித்தார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. சபையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே அதுதான். ஆபீஸ் காகிதத்துக்கு அதை இழுத்தவர்கள்தான் யோசித்திருக்க வேண்டும்.

மிஷன் வெள்ளைக்காரன் வைத்தது என்கிற பேச்சுக்கு எங்கள் ஓய்வுபெற்ற உபதேசியார் (ஐயருக்குத் துணையான சபை ஊழியர்) ஒரு பதில் சொன்னார். 1903ல் பாளையங்கோட்டையில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தாங்களே கூடி இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தார்கள். ஆளும் நம் ஆள், காசும் நம் காசு. அடுத்த வருஷமே நிஜாம் ராஜ்யத்திலிருந்த தோர்ணக்கலுக்கு ஆள் அனுப்பினார்கள். அந்தச் சங்கத்துக்கு முன்நின்ற அசரியா நம்ம வெள்ளாளன்விளையில் 1874ல் பிறந்தவர். 1912ல் அதே தோர்ணக்கலுக்குப் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்தது) முதல் இந்தியப் பேராயர். பஸ்ஸில் போகிற தூரத்தில் பிறந்தவர் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மிஷன் என்றால் அனுப்புவது. அப்படியானால் நாம் இப்போது யாரை, எங்கே அனுப்புகிறோம் என்ற கேள்வி தானாக வந்தது.

கடைசியில் தலைப்பு "எங்கள் ஊழியம்" என்று ஆயிற்று. அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

24 ஜனவரி

உலகெங்குமுள்ள ஆங்கிலிக்கன் சபைகளின் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியம் மிஷனுக்குச் சொல்கிற "ஐந்து அடையாளங்கள்" பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆம், படித்தோம். 1984ல் நாலாக இருந்தது, 1990ல் ஐந்தாவதாகச் சிருஷ்டியைப் பாதுகாப்பது சேர்ந்தது. சுவிசேஷத்தை அறிவிப்பது, புது விசுவாசிகளைப் போதித்து வளர்ப்பது, தேவையில் இருப்பவர்களுக்கு உதவுவது, சமுதாயத்தின் அநீதியான அமைப்புகளை மாற்றுவது ஆகியவை மற்ற நாலு. நல்ல பட்டியல். ஆனால் அதைப் பார்த்து எழுதாதீர்கள். உங்கள் சபையை அதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

ஐந்தாவதை வாசித்தவுடன் வாலிபர் கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, கோயில் காம்பவுண்டில் நின்ற 11 பனையைச் செங்கல் சூளைக்கு விற்றதைக் கேட்டாள். போர்டு வைக்கவும் பெயிண்டுக்கும் அந்தக் காசுதான் போயிருந்தது. "மரத்தை வித்துட்டு இதை எழுதக் கூடாது" என்றாள். நாங்கள் எழுதவில்லை, முதலில் பனங்கொட்டை நட்டோம். பனை பலன் தர 15 வருஷத்துக்கு மேல் ஆகும். நட்டவர்களில் பாதிப் பேர் அதில் நுங்கு தின்னப் போவதில்லை. இப்போது பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021ல் அரசு அறிவித்திருக்கிறது. எங்களுக்கு அந்தப் பிள்ளை ஐந்து வருஷம் முன்னாலேயே சொன்னாள்.

30 ஜனவரி

சண்டை எது என்று இரண்டு பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

இரண்டாவது வரைவில் தலைப்புக்கு மேல் மத்தேயு 28:19 வசனத்தைப் போட்டிருந்தோம். நமக்கெல்லாம் மனப்பாடம்: "சகல ஜாதிகளையும் சீஷராக்கி". கல்லூரியில் படிக்கிற பையன் ஒருவன் எழுந்து, "நம்ம கோயில் வாசல்ல ஜாதின்னு எழுதி வைக்கப் போறோமா?" என்று கேட்டான்.

அந்த வசனத்தில் ஜாதி என்றால் தேசங்கள், இனங்கள். 1871ல் ஹென்றி பவர் குழுவின் வேத மொழிபெயர்ப்பு வந்த காலத்தில் அந்தச் சொல்லுக்கு அந்த அர்த்தம் சாதாரணமாகவே ஓடியது. 1995ல் வந்த திருவிவிலியம் என்கிற பொது மொழிபெயர்ப்பு "எல்லா மக்களினத்தாரையும்" என்று போடுகிறது. ஐயர் இதையெல்லாம் பொறுமையாக விளக்கினார். பையனும் ஒத்துக்கொண்டான். ஆனால் வாசலில் நின்று வாசிப்பவனுக்கு ஐயர் பக்கத்தில் நின்று விளக்குவாரா என்று கேட்டான். "அப்ப வசனத்தை மாத்துவோம்" என்றார்கள் ஒரு பக்கம். "வேதத்துல கை வைக்காதிய" என்றார்கள் மறுபக்கம். இரண்டு மாதம் போயிற்று. ஒரு பெரியவர் கோயிலுக்கு வருவதையே மூன்று வாரம் நிறுத்தினார்.

வசனத்தைப் பற்றிய சண்டை என்றுதான் எல்லாரும் பேசினோம். ஆனால் ஊருக்குத் தெரியும். எங்கள் சபையில் தெற்குத் தெருக் குடும்பங்கள் 20க்கு மேல் உண்டு. அவர்கள் பின்வரிசையில் உட்காருவார்கள். அப்படி ஒரு சட்டமும் கிடையாது, யாரும் எழுந்து போகச் சொன்னதும் கிடையாது. அவர்கள் பின்னால்தான் உட்காருவார்கள், நற்கருணைக்கு (அப்பமும் திராட்சரசமும் வாங்க) கடைசியாகத்தான் வருவார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு, அதற்குத் தெற்கே அவர்கள் கல்லறைகள்.

1833ல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் ஜாதி வித்தியாசம் உடனே, முழுவதுமாக ஒழிய வேண்டும் என்று கடிதம் எழுதினார். அதனால் தஞ்சாவூரில் பலர் சபையை விட்டே போனார்கள். அதற்கும் முன்பே பாளையங்கோட்டையில் ஜெர்மன் மிஷனெரி ரேனியஸ் தன் போதனாபள்ளியில் (சபை ஊழியருக்கான பயிற்சிப் பள்ளி) எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும் என்று நின்றார். கிட்டத்தட்ட 200 வருஷமாக நம் கையில் கொடுக்கப்பட்டிருக்கிற அறிக்கை இது. நாம் புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

வசனத்தை எடுத்துவிட்டோம். அதை ஆராதனையில் வாசிக்கிறோம், சுவரில் எழுதவில்லை. அதற்குப் பதிலாக "ஒரே பந்தி" என்ற வரி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2 பிப்ரவரி

30ஆம் தேதி எழுதியதைத் திருத்த வேண்டும். ஒரு தேதியைச் சரிபார்க்கப் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அட்டை போன 80 பக்க நோட்டு. அதில் பார்த்ததிலிருந்து மனது சரியில்லை.

ஜாதி என்ற சொல்லை முதலில் கேட்டது அந்தப் பையன் இல்லை. பையன் பேசுவதற்கு இரண்டு வாரம் முந்திய சனிக்கிழமை, பெண்கள் ஐக்கிய சங்கப் பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில், என் கையெழுத்தில் இருக்கிறது: "இந்தச் சகல ஜாதியில நாங்க எத்தனாவது ஜாதி?" கேட்டவர் பெயர் இல்லை. மற்ற எல்லாக் கருத்துக்கும் மையில் எழுதிப் பக்கத்தில் பெயர் போட்டிருக்கிறேன். இதற்கு மட்டும் இல்லை. தொகுத்து எழுதிய பக்கத்தில் "வாலிபர் கருத்து" என்று ஆகியிருக்கிறது.

யார் கேட்டார் என்று எனக்கு ஞாபகம் உண்டு. தெற்குத் தெரு அக்கா. நேற்றுச் சாயந்தரம் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார். ஈர்க்கு நீக்கின குருத்தோலையை நனைத்து ஒரு ஈரத்துணிக்குள் வைத்திருந்தார். ஒவ்வொரு ஓலையாக உருவி, பெருவிரல் நகத்தால் ஒரு கீறு கீறி, மேலே ஒன்று கீழே ஒன்றாகச் செருகிக்கொண்டே போனார். பேசும்போதும் கை நிற்கவில்லை. பெட்டியின் அடி சதுரமாக விரிந்து, நான்கு மூலையும் எழும்புகிற நேரம். அந்த இடத்தில்தான் ஓலை பிய்ந்துவிடும் என்று அதைக் கொஞ்சம் தண்ணீர் தொட்டு வளைத்தார்.

"அக்கா, அந்தக் கேள்வியை முதல்ல கேட்டது நீங்கதான்" என்றேன்.

"அந்தத் தம்பி கேட்டதுன்னுல்லா எல்லாரும் சொல்லுதாவ."

"இல்லக்கா. நோட்டுல இருக்கு."

கொஞ்ச நேரம் முடைந்தார். பிறகு சொன்னார்: "அவன் காலேஜுல படிச்சவன். அவன் கேட்டா ரெண்டு மாசம் பேசுனிய. நான் கேட்டதுக்கு நீங்க, 'அதுக்கு அர்த்தம் வேறக்கா'ன்னுட்டு அடுத்த பாட்டை எடுத்திய."

நான் அப்படிச் செய்தேன். எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. பாட்டைக்கூட நான்தான் ஆரம்பித்தேன்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: நோட்டு எழுதுகிறவரைக் கவனமாகப் பிடியுங்கள். யார் சொன்னது, எந்தக் கூட்டத்தில், என்ன வார்த்தையில் என்று அப்படியே எழுத வேண்டும். எழுதியதை வீட்டுக்குப் போவதற்கு முன் அவரிடமே வாசித்துக் காட்ட வேண்டும். சபை முழுவதும் சேர்ந்து எழுதியது என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒருவர் வாயிலிருந்து வந்ததை இன்னொருவர் பெயரில் எழுதிவிட்டு அப்படிச் சொன்னேன்.

3 பிப்ரவரி

"இவ்வளவு கிளறணுமா, நாலு பேர் எழுதினால் சமாதானமாக முடியுமே" என்று எழுதியவருக்கு. அந்தச் சமாதானம் எங்கள் சபையில் ரொம்ப நாள் இருந்தது ஐயா. அது யாருடைய செலவில் இருந்தது என்று நேற்று எழுதியிருக்கிறேன். வாசித்துப் பாருங்கள்.

9 பிப்ரவரி

வாசகம் எழுதிய கதை. இதைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்குக் கையில் ஒன்றும் இராது.

முதலில் சில சொற்களைத் தள்ளினோம். விளங்கும், திகழும், மேம்பாடு, நோக்கிப் பயணிக்கும். இந்தச் சொற்கள் வந்தால் அந்த வாக்கியத்தில் யாரும் எதுவும் செய்யவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு வரிக்கும் மூன்று கேள்வி கேட்டோம். யார் செய்கிறார்கள்? யாருக்கு? செய்யாமல் விட்டால் ஊரில் ஒருவராவது கண்டுபிடித்துக் கேட்க முடியுமா? "அன்பில் வளர்வோம்" என்பதை யாரும் வந்து கேட்க முடியாது. "துக்க வீட்டுக்கு அன்றைக்கே போவோம்" என்று எழுதினால், போகாத அன்றைக்கு அந்த வீட்டுப் பிள்ளை நம்மைக் கேட்கலாம்.

அடுத்தது நாமா, நாங்களா. ஒரு சாயந்தரம் முழுவதும் இதற்கே போயிற்று. இங்கிலீஷில் வராத நல்ல தொந்தரவு. பிள்ளைகள் "நாம்" என்றார்கள், எல்லாரையும் சேர்க்கிற சொல் என்று. பெரியவர்கள் "நாங்கள்" என்றார்கள். ஜெபத்தில் நாம் "எங்கள் பிதாவே" என்கிறோம், "நம் பிதாவே" என்பதில்லை, ஏனென்றால் எதிரே நிற்பவர் அவர். நோக்க அறிக்கை யாரைப் பார்த்துப் பேசுகிறது? நமக்குள் பேசினால் நாம். தேவனுக்கும் ஊருக்கும் முன்னால் நின்று வாக்குக் கொடுத்தால் நாங்கள். எங்கள் கோயில் வாசலைத் தாண்டித்தான் இந்துக்களும் முஸ்லிம்களும் சந்தைக்குப் போகிறார்கள். அவர்களும் வாசிக்கட்டும் என்று "நாங்கள்" ஆயிற்று.

அப்புறம் காலம். எல்லா வரியையும் "செய்கிறோம்" என்று எழுதி வைத்திருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற ஐயர் ஒருவர் வாசித்துவிட்டு, "இதில் எதையெல்லாம் செய்கிறீர்கள்?" என்று கேட்டார். செய்யாததைச் செய்கிறோம் என்று கோயில் சுவரில் எழுதினால் அது பொய். செய்வதைச் "செய்கிறோம்" என்றும், செய்யாததைச் "செய்வோம்" என்றும் பிரித்தோம். ஆறு வரியில் ஒன்றுக்குத்தான் "கிறோம்" மிஞ்சியது.

இதுதான் அது:

எங்கள் ஊழியம்
ஞாயிறுதோறும் கர்த்தரைத் தொழுகிறோம், ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம்.
துக்க வீட்டுக்கு அன்றைக்கே போவோம், யார் வீடு என்று பார்க்க மாட்டோம்.
பணமில்லாமல் எந்தப் பிள்ளையின் படிப்பும் நிற்க விடமாட்டோம், எந்த மதத்துப் பிள்ளையானாலும்.
கோயில் மரத்தைச் சபையைக் கேட்காமல் வெட்ட மாட்டோம்.
அசனத்தில் ஒரே சமையல், ஒரே பந்தியாக இருப்போம்.
வருஷத்துக்கு ஒரு முறை இதை வாசித்து, செய்யாததைச் சபையில் அறிக்கையிடுவோம்.

மூன்றாவது வரியில் "எந்த மதத்துப் பிள்ளையானாலும்" என்பதை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் சேர்த்தார்கள். அவர்களுடைய பள்ளிக்கூடச் சிநேகிதர்களை நினைத்துச் சொன்னார்கள்.

10 பிப்ரவரி

கோயிலின் பெயரையும் மறைத்துவிட்டு இந்த ஆறு வரியை வாசித்தாலும் எங்கள் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். செருப்பைத் தேடிய அந்தப் பெரியவர் அட்வெந்து ஞாயிறில் முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. 2018ல் அவர் இறந்தபோது அன்றைக்கே போனோம், ஆறு தெருவிலிருந்தும்.

26 பிப்ரவரி

வேலையாக இருந்துவிட்டேன். அசனத்தைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன்.

வெளியூர்க்காரர்களுக்காக: பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டிச் சபை முழுவதும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது அசனம். ஊரில் யார் வந்தாலும் இலை உண்டு. ஆண்கள் பெரிய வட்டாவில் சோறு வடிப்பார்கள், முந்தின இரவு பெண்கள் காய் நறுக்குவார்கள். எங்கள் சபையில் தெற்குத் தெருவார் விறகு கொண்டுவருவார்கள், கடைசியில் பாத்திரம் தேய்ப்பார்கள். நடுவில் இருக்கிற வேலை எதிலும் அவர்கள் கை பட்டதில்லை. இதையும் யாரும் சட்டமாகப் போட்டதில்லை.

"ஒரே சமையல்" என்று எழுதினபின் வந்த முதல் அசனம், 2017. காய் நறுக்குகிற இரவு, பள்ளிக்கூட வராந்தாவில் பாய் விரித்திருந்தது. சாக்கு நிறையச் சின்ன வெங்காயம். தெற்குத் தெருப் பெண்கள் நாலு பேர் வந்து வாசலில் நின்றார்கள். உள்ளே இருந்த நாங்கள் யாரும் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஐயரம்மாதான் தன் அரிவாள்மணையை எடுத்து அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டு, தான் கீழே உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தார். மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள். அரை மணி நேரம் பேச்சே இல்லை. உரித்த தோல் மட்டும் பாய் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. பிறகு யாரோ வெங்காய விலையைப் பற்றி ஆரம்பித்தார்கள்.

மறுநாள் சில குடும்பத்தார் பந்தியில் உட்காரவில்லை. தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதில் என் சொந்தக்காரர்களும் உண்டு. அடுத்த வருஷம் அந்த எண்ணிக்கை குறைந்தது, அதற்கடுத்த வருஷம் இன்னும் குறைந்தது. இப்போதும் இரண்டு வீட்டார் தூக்குவாளியோடுதான் வருகிறார்கள். சோற்றைக் கொடுத்துத்தான் அனுப்புகிறோம்.

26 பிப்ரவரி, பிறகு

ஆறு வரியில் உண்மையாக இருந்தது ஒன்று என்று 9ஆம் தேதி பெருமையாக எழுதியிருக்கிறேன். அந்த ஒன்றுதான் இப்போது பொய்யாக நிற்கிறது.

2020ல் கோயிலைப் பூட்டினோம். திறந்தபோது ஒரே பாத்திரத்தில் திராட்சரசம் கொடுப்பதை நிறுத்தி, அப்பத்தைத் தோய்த்துக் கொடுக்கிற முறைக்கு மாறினோம். நோய்க்காக நிறுத்தியது சரி, அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் முகக்கவசம் போனது, இருக்கையில் இடைவெளி போனது, பந்தி திரும்ப வந்தது, பாத்திரம் மட்டும் வரவில்லை. சிலருக்கு இது வசதியாக இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். ஏன் வசதி என்று சொல்லாமல், நோயைக் காரணமாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அறிக்கை வந்தபின் தெற்குத் தெருவார் கடைசியில் காத்திராமல், உட்கார்ந்த வரிசைப்படி மற்றவர்களோடு கலந்து நற்கருணைக்கு வர ஆரம்பித்திருந்தார்கள். பாத்திரம் யார் உதட்டிலிருந்து யார் உதட்டுக்கு வருகிறது என்று அப்போதுதான் சிலர் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நோயாளிகளும் வயதானவர்களும் தோய்த்தே எடுக்கட்டும். அவர்களை நான் சொல்லவில்லை.

போன கமிட்டியில், சுவரில் அந்த வரியை மட்டும் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. ஐயர், கமிட்டிக்கு அந்த உரிமை இல்லை, எழுதியது சபை, அதனால் சபையைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். வருகிற 3ஆம் தேதி ஞாயிறு ஆராதனைக்குப் பின் கூடுகிறோம்.

1 மார்ச்

கேள்வி கேட்ட நண்பர் தன் கமிட்டி ஒரு தெருவில் மட்டும் முயன்று பார்க்கச் சம்மதித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறார். சந்தோஷம். எந்தத் தெரு என்பதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். கடைசித் தெருவிலிருந்து ஆரம்பியுங்கள்.

எங்கள் ஞாயிறு கூட்டத்துக்கும் நான்தான் நோட்டு எழுதுகிறேன். நேற்றுத் தெற்குத் தெரு அக்காவிடம் போய், முதலில் நீங்கள் பேச வேண்டும் என்று கேட்டேன். அந்தப் பெட்டி முடிந்து, மூடியும் போட்டு, திண்ணையில் காய்ந்துகொண்டிருந்தது. கொஞ்சம் யோசித்தார்.

"வாரேன். ஆனா நான் பேசுதத மையில எழுதுங்க டீச்சர். எம் பேரையும் போடுங்க."